சம்பந்தி வீட்டுக்குப் போன மஞ்சள் தொப்பியும் சட்டையும்

தேக்கா, சிங்கப்பூர்.
தொடங்கிய நாள்: செவ்வாய்க்கிழமை. முடித்த நாளை முடித்த பிறகு எழுதுகிறேன்.

மதிப்பிற்குரிய சம்பந்தி குலசிங்கம் ஐயா அவர்களுக்கு, சின்னராசு இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். முப்பத்தாறு வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஊரார் கடிதத்தை எல்லாம் திருத்தியவர் நீங்கள். இதைத் திருத்த வேண்டாம், திருத்தினால் மிச்சம் எதுவும் இருக்காது. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் வரிகள் மேலே மேலே ஏறிப் போகின்றன. தஞ்சோங் பகாரில் கப்பலுக்கு மூட்டை ஏற்றிய கை, அதற்கு ஏற்றித்தான் பழக்கம். சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கும். பெரிதாக இருப்பவை எனக்கு நன்றாக வருபவை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன், அதற்கே விரல் மரத்துவிடுகிறது. எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அது உங்களுக்கு என்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

இங்கே நானும் கமலமும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? எங்கள் மருமகள் சிவதர்ஷினி மூன்று மாதமாகத் தெம்பனிஸில் உங்கள் வீட்டில் ஓய்வாக இருக்கிறாள். எதற்காக ஓய்வு என்பதை எழுதவில்லை. எடை கூடியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். காரணத்தை எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் பிள்ளை என்ற சொல்லே வராது என்று கமலத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இதோ வந்துவிட்டது. அடித்துவிட்டேன், கோட்டுக்கு அடியில் தெரிந்தால் பார்க்காதீர்கள். இனிமேல் ‘அந்த விஷயம்’ என்று எழுதுகிறேன்.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடு மூன்றறை வீடு, எந்த அறையில் பேசினாலும் மற்ற இரண்டு அறைக்கும் கேட்கும், கமலம் அந்த மூன்றில் ஒன்றில் இருப்பாள். எழுதினால் கேட்காது. எழுத்துக்கு இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு எழுபத்திரண்டு வருடமாகத் தெரியாமல் போய்விட்டது. நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். சம்பந்தி அம்மா எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன கெட்டில் உறையும் போத்தல் சட்டையும் எனக்குத் திரும்ப வேண்டும். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் அது கெட்டில் உறை இல்லை, போத்தல் சட்டையும் இல்லை.

இது எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். போன வருடம் சமூக மன்றத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டாவது மாடியில் இரண்டு கதவு, இரண்டிலும் தாள் ஒட்டியிருந்தது. எந்தக் கதவு என்று வாசிக்கத் தெரிந்திருந்தால் நான் அந்த வகுப்புக்கே போயிருக்க வேண்டியதில்லை. திறந்திருந்த கதவுக்குள் போய் உட்கார்ந்தேன். டீச்சர் அஃப்னா வணக்கம் சொல்லி, நுனியில் கொக்கி வைத்த ஒரு சிறிய ஊசியையும் ஒரு நூல்கண்டையும் கையில் கொடுத்தார். சுற்றிலும் பதினாலு பெண்கள். எழுத்துக்கு முன்னால் கைக்கு வளைவு பழக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம் எழுத்தில் வளைவு அதிகம்தானே. அவர்கள் சொன்னபடி நூலை வளைத்து, கொக்கியால் இழுத்து, மறுபடி வளைத்து, சங்கிலி போட்டேன். மூன்று வாரம் போட்டேன். மூன்றாம் வாரம் கை தட்டினார்கள், முதல் கைக்குட்டை முடிந்திருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

“டீச்சர், அ எப்போ வரும்?”

“எந்த அ, அங்கிள்?”

“அ, ஆ. எழுத்து.”

அஃப்னா சுவர்ப் பக்கம் கை காட்டினார். “அங்கிள், அது பக்கத்து ரூம் லா. இது குரோஷா கிளாஸ்.”

அன்றே பக்கத்து அறையில் சேர்ந்துவிட்டேன், ஆனால் இதையும் விடவில்லை. செவ்வாய் எழுத்து, வியாழன் நூல். எழுத்து டீச்சர், நான் பேனாவைக் குரோஷா ஊசி மாதிரி பிடிக்கிறேன் என்கிறார். அஃப்னா டீச்சர், நான் ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறேன் என்கிறார். ஐயா, நூல் என்பது என்ன மாதிரியான பொருள் என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. தேக்கா சந்தை மாடியில் நெய்னா முகம்மது கடை வைத்திருக்கிறார். மீன் வாங்கப் போகும்போது மாடியேறி ஒரு கண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். வைத்துப் பார்த்தால் வாங்கத்தான் வேண்டும். இப்போது கட்டிலுக்கு அடியில் நூல், அலமாரியில் நூல், அரிசி டின்னில் நூல். அரிசி வேறு எங்கோ இருக்கிறது, கமலத்துக்குத் தெரியும்.

அந்த விஷயம் தெரியவந்த நாளிலிருந்து என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கைக்குட்டை போடலாம் என்று தொடங்கினால் அது விரல் அளவு காலுறையாக முடிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் கமலம் போட்ட சட்டம் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். அந்த விஷயம் நல்லபடியாக முடிகிற வரை அதற்கென்று ஒரு துணி வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. நான் எதிர்த்துப் பேச முடியாது. நான்கு வருடத்துக்கு முன் அவசரப்பட்டுத் தொட்டில் வாங்கி வந்தவன் நான்தான். அந்தத் தொட்டிலை மடிக்காமலே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் நான்தான். திரும்பி வந்தபோது கமலம் சோறு போட்டாள். மகனுக்கும் மருமகளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம், ஐயா. அதனால் சட்டம் சட்டம்தான்.

ஆகவே நான் அந்த விஷயத்துக்கென்று எதுவும் பின்னவில்லை. முதலில் ஒரு சின்னப் போர்வை பின்னினேன். கமலம் கேட்டாள், டிவிக்கு என்று சொன்னேன். அன்றிலிருந்து செய்தி பார்க்க வேண்டுமானால் டிவியை எழுப்பிப் போர்வையை எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து இரண்டு காலுறை. நாற்காலிக் காலுக்கு என்றேன். நாற்காலிக்கு நான்கு கால் என்று அவள் ஞாபகப்படுத்தினாள், இன்னும் இரண்டு பின்னினேன். வீட்டில் ஆறு நாற்காலி. இருபத்து நான்கு காலுறை முடிந்த வாரம் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றுவிட்டது என்று நன்றி சொல்லி ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகுதான் அந்த மஞ்சள் நூலை வாங்கினேன். பருத்தி, தொட்டால் இருப்பதே தெரியாது. அதில் ஒரு தொப்பி, மேலே இரண்டு காதோடு.

“இது என்னங்க?”

“கெட்டிலுக்கு. டீ ஆறாம இருக்க.”

“கெட்டிலுக்குக் காது எதுக்கு?”

“சும்மா ஒரு அழகுக்கு.”

மூன்று நாள் கழித்துச் சட்டை முடிந்தது. அதைத் தண்ணீர்ப் போத்தலுக்கு மாட்டிவைத்தேன்.

“போத்தலுக்குக் கை வச்சிருக்கீங்க.”

“தூக்கும்போது புடிச்சுக்கலாம்ல.”

கமலம் உள்ளே போனாள். அவளும் யோக்கியம் இல்லை, ஐயா. என் பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து நாற்பது சதுரத் துணி மடித்து வைத்திருக்கிறாள், கேட்டால் மேசை துடைக்க என்கிறாள். எங்களிடம் இருப்பது ஒரு மேசை. என் மகன் அகிலன் கம்பி வைத்த சிறிய கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியோடு வைத்திருக்கிறான், துணி காயப்போட என்று சொல்கிறான். நான் அதை நம்புவதாகச் சொல்லிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் போன மாதம் சம்பந்தி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தோம். கெட்டிலைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், எழுந்து போய்த் தடவிப் பார்த்தார்.

“இதென்ன சம்பந்தி, நல்ல வடிவா இருக்கு. கேத்திலுக்கோ?”

“ஆமாங்க, கெட்டிலுக்குத்தான்.”

“அப்ப நான் கொண்டு போறன். எங்கட வீட்டிலயும் கேத்தில் கிடக்குது. போத்தல்ச் சட்டையும் தாங்கோ.”

கமலம் பக்கத்தில் நிற்கிறாள். இது வேறு காரியத்துக்கு என்று நான் எப்படிச் சொல்வது? கழற்றிக் கொடுத்தேன். கைப்பையில் வைத்து மூடினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

“இதே மாதிரி இன்னொரு சோடி வேணும், சம்பந்தி.”

“ஒரு கெட்டில்தானேங்க இருக்கும்?”

“ஒண்டு காணாது. வடிவாக் கேளுங்கோ, ஒண்டு காணாது.”

ஒன்று போதாதாம். இதைக் கமலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கமலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதைக் குறைவாக எழுதவில்லை, ஐயா, ஆனால் அது கொஞ்சம் ஆசைதான் என்று எனக்குப் பட்டது. நூல் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது உண்மையும்கூட. மறுநாள் நெய்னா முகம்மதிடம் போனேன். அதே கம்பெனி, அதே எண் போட்ட கண்டைக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறு மஞ்சள். “சாயம் போட்ட தடவை மாறிடுச்சு ஐயா. இதுவும் மஞ்சள்தான், ஆனா அந்த மஞ்சள் இனி வராது” என்றார். அந்த மஞ்சள் உலகத்தில் இப்போது ஒரு தொப்பியிலும் ஒரு சட்டையிலும் மட்டும்தான் இருக்கிறது, அவை இரண்டும் தெம்பனிஸில் இருக்கின்றன.

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனது தாகத்தால் இல்லை. உங்கள் கெட்டிலைப் பார்த்தேன், வெறுமனே நின்றது. அலமாரியைத் திறந்து போத்தல்களைப் பார்த்தேன், ஒன்றுக்கும் சட்டை இல்லை. யாருக்காவது கொடுத்துவிட்டாரோ, தரை துடைக்கப் போய்விட்டதோ என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் குழம்பில் உறைப்பு அதிகமோ என்று கேட்டீர்கள். குழம்பு நன்றாக இருந்தது.

தொட்டிலை நான் கடையில் விரல் நீட்டிக் காட்டி வாங்கினேன். இது அப்படி இல்லை. இதில் ஒவ்வொரு கண்ணியும் என் கையால் போட்டது, எண்ணிக்கொண்டே போட்டது, எண்ணும்போது வேறு ஒன்றும் வேண்டிக்கொண்டேன். என்ன என்று எழுதவில்லை. அந்த விஷயம் வந்து சேரும்போது இந்தத் தொப்பியும் சட்டையும்தான் முதலில் மேலே பட வேண்டும் என்று ஒரு கிழவனின் பிடிவாதம். ஆகையால் தயவுசெய்து சம்பந்தி அம்மாவிடம் காரணம் சொல்லாமல் வாங்கி, ஒரு உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெயரைப் பெரிதாக எழுதினால் தபால்காரர் என்னிடமே தருவார், என் பெயரை நான் இப்போது வாசித்துவிடுவேன். கமலத்துக்குத் தெரிய வேண்டாம். நாள் இன்னும் ஒரு மாதம் இருப்பதால் அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சிவதர்ஷினி படி இறங்கும்போது பார்த்து இறங்கச் சொல்லுங்கள். எல்லா நன்மையும் உங்கள் வாசலுக்கு முதலில் வந்து, பிறகு எங்கள் வாசலுக்கும் வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி சின்னராசு.
(இந்தக் கையெழுத்தை எட்டு முறை வேறு தாளில் போட்டுப் பார்த்து இதில் போட்டேன்.)

பின்குறிப்பு: முடித்த நாள், ஞாயிற்றுக்கிழமை. பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். பிள்ளை பிறந்துவிட்டது. இது உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆனாலும் எழுதத் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். தாதி இரண்டு கையிலும் இரண்டு பொட்டலமாகக் கொண்டுவந்தபோது நான் சொன்னதை எண்ணி நீங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். “ஒண்ணுதாம்மா எங்களுது. இன்னொண்ணு வேற யாரோடதுன்னு பாருங்க” என்றேன். “ரெண்டும் உங்களுதுதான் அங்கிள்! ரெண்டும் பொண்ணு!” என்றாள். “சம்பந்திக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?” என்று நீங்கள் கேட்டீர்கள். “எப்படிங்க சொல்றது? பேசக் கூடாதுன்னு சொன்னதே நான்தானே” என்றாள் கமலம். ஏழு மாதமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல முயன்றவர் சம்பந்தி அம்மா ஒருவர்தான், அவரை ஆசைக்காரி என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்க மறந்துவிட்டேன், நீங்கள் அடித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். தொப்பியையும் சட்டையையும் துவைத்து வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்ததாக நேற்றுச் சொன்னார். தபாலில் அனுப்ப வேண்டாம், போட வேண்டியவர்கள் அங்கேதான் வருகிறார்கள்.

கமலம் பக்கத்தில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். இரண்டு மணி நேரம் ஆனது. தொட்டில் வரும் இடத்தில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பு எரியவில்லை.

இரண்டாவது சோடியை நெய்னா முகம்மதின் அந்த வேறு மஞ்சளில் தொடங்கிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே முகம், பெற்றவளே குழம்புகிறாள். அந்த மஞ்சள் மூத்தவள், இந்த மஞ்சள் இளையவள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், என்னைக் கேளுங்கள். அடுத்த வாரம் ஆளுக்கு ஒன்றாக அவர்களுக்கே இரண்டு கடிதம் எழுதுகிறேன். அதற்காக இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.