பெரட்டுக்கு வந்த கோழிகள்

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மனிதர்களை மேய்த்த கங்காணிகள் எத்தனையோ பேர். நாய்க்கும் கோழிக்கும் பெரட்டு வைத்த கங்காணி உலகத்திலேயே ஒருவர்தான். பெரட்டு மாமா என்றால்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தெரியும். வேலையை விட்ட பிறகும், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டு இல்லாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. ஆள் கிடைக்காததால் தன் வீட்டுப் பூனையையும் ஆட்டையும் கோழிகளையும் நிறுத்தினார்.

நான் கல்யாணமாகித் தெமோதரையிலிருந்து வந்தபோது தகரப் பெட்டியோடு என் நாய் மணியும் வந்தான். வந்த வாரமே மாமியாரின் கோழி ஒன்றைத் தீர்த்துவிட்டான்.

"இன்னொரு கோழி போச்சுன்னா, இந்த நாயி தெமோதரைக்கே போயிரணும்" என்றார் மாமியார்.

மணியும் போனால் அந்த வீட்டில் எனக்கென்று யார்? அழுதுகொண்டே அவனை அடுத்த வீட்டுப் பெரட்டு மாமாவிடம் இழுத்துப்போனேன்.

"அழுவாத புள்ள. பயலப் பெரட்டுல சேத்துருவோம்."

மாமா தகரத்தைத் தட்டினால் எல்லாரும் வரிசைக்கு வர வேண்டும். தீனிக்கு ஆசைப்பட்டு மாமியாரின் கோழிகளும் சேர்ந்துகொண்டன. மணியைக் கயிற்றில் கட்டி எட்ட உட்காரவைத்தார். கோழிகள் தின்று முடிக்கும்வரை அசையாமல் இருந்தால் கருவாட்டுத் துண்டு. முறைத்தால், "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்" என்று பாதித் துண்டு. அரைநாள் சம்பளம் வாங்கிய ஆள் மாதிரியே மணி முகத்தைத் தொங்கப்போடுவான். நாளாக நாளாக இடைவெளி குறைந்தது, கயிறும் கழன்றது. பிந்தி வரும் கோழியை மூக்கால் தள்ளிக்கொண்டு வரும் அளவுக்குப் பயல் தேறிவிட்டான். மாமியார் மட்டும் நம்பவில்லை.

ஒருநாள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட அடிக்கும் தப்பு மேளம் கிழிந்துபோனதால் தகரத்தைத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மாமியார் அலறினார்.

"ஐயோ, கூடு காலி! எல்லாத்தையும் முழுங்கிட்டானே!"

எனக்கு உயிரே போய்விட்டது. பேர் எழுதும் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்க மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினார். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களின் வரிசைக் கடைசியில் எங்கள் கோழிகள் நின்றன. பின்னால் மணி, நாக்கைத் தொங்கப்போட்டபடி. பக்கத்தில் பெரட்டு மாமா, பெருமை தாங்காமல்.

கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "என்ன கங்காணி, இவுங்களுக்கும் பேரு போடவா?"

"நேரத்துக்கு வந்துட்டாங்களேங்க!"

மாமியார் ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பார்த்தார். ஓர் இறகுகூடக் குறையவில்லை.

"வாடா தடியா, வீட்டுக்கு. ரொட்டி தாரேன்" என்றார் மணியிடம்.

மறுநாள் காலை, மாமா மணியின் பேரைக் கூப்பிட்டுவிட்டு, வாசலில் நின்ற என் பேரையும் கூப்பிட்டார்.

"இருக்கேன் மாமா" என்றேன். அந்த லயத்துக்கு நான் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.