இரு கண்ணு, பாத்துட்டு வந்துடறேன்

உலகத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் இரண்டு வகை. பிள்ளையைப் பார்த்து வளர்ப்பவர்கள், வீடியோவைப் பார்த்து வளர்ப்பவர்கள். முதல் வகையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது, அவ்வளவாகப் பழக்கமில்லை. இரண்டாம் வகையைப் பற்றி நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தினமும் காலையில் முகச்சவரம் செய்யும்போது எதிரே பார்க்கிற ஆள்தான்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு, யாருக்கோ ஆமாம் போடுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, நடுநடுவே 'அட!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவருடைய பிள்ளை ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். அவர் ஒரு விரலை உயர்த்துவார். 'பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்' என்ற வீடியோ முக்கியமான கட்டத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை குறுக்கே பேசினால் மனுஷனுக்கு எரிச்சல் வராதா?

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் புத்தகங்கள். அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒன்று, அடமே பிடிக்காத பிள்ளைக்கு ஒன்று, அதிகம் பேசும் பிள்ளைக்கு, பேசாத பிள்ளைக்கு, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு. வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை, இரண்டாம் வகுப்பு. எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் முழுக்க மஞ்சள் கோடு இழுத்திருக்கும். அதற்குப் பிறகு பக்கங்கள் கடையில் வாங்கிய புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். "வெளியாள் வந்து பாத்தா, இந்த வீட்ல எத்தன பிள்ளைங்கன்னு கேப்பாங்க" என்பது என் மனைவியின் விமர்சனம்.

இவர் பேசும் தமிழும் தனி. 'ஓடாதே' என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். 'கூடாது', 'வேண்டாம்' எல்லாம் பிஞ்சு மனத்தைக் கசக்கிவிடுமாம். ஆகவே, "மெதுவா நடக்கறதப் பத்தி நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்பார். பிள்ளை அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

எனக்கு இந்த வித்தையில் ஒரு குரு உண்டு. என் மனைவியின் தம்பி. எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருப்பான். "மாமா, பாப்பா அழறப்போ ஏன் அழறன்னு கேக்கவே கேக்காதீங்க. 'உன் வருத்தம் எனக்குப் புரியுது'ன்னு மட்டும் சொல்லிட்டு அப்படியே நில்லுங்க" என்பான். அவனிடம் எனக்குப் பொறாமை. இதுவரை அவன் சொன்ன ஒரு முறைகூடத் தோற்றதில்லை. தோற்கடிக்க அவனுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமே ஆகவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா? முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது என் பிழைப்பு. ஊரார் பார்வைக்கெல்லாம் நம்பர் எழுதிக் கொடுக்கிறவனுக்குச் சொந்த வீட்டில் என்ன தெரிகிறது என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். என் மனைவி கேட்காததையா நீங்கள் கேட்டுவிடப் போகிறீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பூங்காவில் புதிதாக உயரமான சறுக்குமரம் ஒன்று வைத்திருந்தார்கள். என் மகள் குடுகுடுவென்று ஏணியில் ஏறிவிட்டாள். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் கோணியது.

"அப்பா! பயமா இருக்குப்பா!"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கையை நீட்டியிருப்பீர்கள். பாவம், படிக்காதவர்கள். கையை நீட்டினால் பிள்ளை வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நீட்டாவிட்டால் உலகத்தின் மேல் நம்பிக்கையே போய்விடும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் கேட்டிருந்த நான், கையைப் பாதி நீட்டிய நிலையில் சிலையாக நின்றேன். பிறகு பொறுப்புள்ள தகப்பனாக, "இரு கண்ணு, பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

முதலில் ஒரு சோப்பு விளம்பரம். அதைத் தள்ளிவிட்டால் ஒரு தாடிக்காரர் வந்து, "முதலில் நீங்கள் பதற்றப்படாதீர்கள். கண்களை மூடி மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்றார். மூடினேன். இழுத்தேன். விட்டேன். மேலே என் மகள் அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஏணியில் வரிசையாக நின்ற பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டது. நான் கண்ணைத் திறப்பதற்குள் யாரோ ஒரு அம்மா, கையிலிருந்த பையைத் தரையில் போட்டுவிட்டு, "வாடா தங்கம், நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை விரித்துவிட்டாள். என் மகள் சர்ரென்று இறங்கி அந்த அம்மாவின் வயிற்றில் வந்து மோதிச் சிரித்தாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கமா? அதெல்லாம் இல்லை. 'அடடா, இன்னும் கொஞ்ச நேரம் அழுதிருந்தால் தாடிக்காரர் முறையைச் சொல்லியிருப்பாரே!' என்றுதான் தோன்றியது. இந்த இனத்தின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கொஞ்ச நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்.

"ஏங்க, இப்பல்லாம் அவ 'அப்பா'ன்னு கூப்பிடறதே இல்ல. கவனிச்சீங்களா?"

"அப்படியா?"

"ஷூ லேஸ் அவுந்தா பக்கத்து வீட்டு அக்காகிட்ட போறா. ராத்திரி கெட்ட கனவுன்னா என்னை எழுப்பறா. உங்களத் தாண்டித்தான் என்கிட்ட வரணும், தெரியுமா?"

மகளுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேனோ என்று பயந்தேன். பயந்து என்ன செய்தேன்? வேறென்ன, 'பிள்ளை அப்பாவைக் கூப்பிடாவிட்டால்' என்று தேடினேன். நிறைய இருந்தன. அந்தத் தாடிக்காரரே ஐந்து பாகம் போட்டிருந்தார்.

மறுநாள் கட்டிலில் உட்கார்ந்து முதல் பாகத்தின் நடுவில் இருந்தபோது வாசற்படியில் நிழல் தட்டியது. மகள் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள், பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வேறு ஆள் கிடைக்காமல்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, பெரிய மனுஷி மாதிரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ மொதல்ல வீடியோ பாத்துட்டு வாப்பா. நான் இருக்கேன்."

கோபமில்லை. குத்தலும் இல்லை. கடையில் கூட்டமாக இருந்தால் சில பேர் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து காத்திருப்பார்களே, அந்தப் பொறுமை. பெற்ற பிள்ளை என்னிடம், 'என் முறை வரும்போது கூப்பிடு' என்கிறாள். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"பாக்க வேணாம். இப்பவே சொல்லு."

நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். வகுப்பில் அவளையும் அவளுடைய உயிர்த்தோழியையும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று தனித்தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாம். தோழிக்கு இப்போது புதுத் தோழி கிடைத்துவிட்டாளாம். இவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

என்ன சொல்வது? மஞ்சள் கோடு இழுத்த ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"அய்யோ" என்றேன்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

இதோடு நிறுத்தினால் நான் திருந்திவிட்டதாக நினைத்துவிடுவீர்கள். அவள் முகம் கழுவி விளையாடப் போன கையோடு மைத்துனனுக்குப் போன் போட்டு, 'அய்யோ' முறையை விளக்கினேன். "சூப்பர் மாமா, எந்த வீடியோல வந்துச்சு?" என்றான். நாமே ஒன்று எடுத்துப் போட்டால் என்ன என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். 'அட, பிள்ளை அழுதால் அய்யோ என்று சொன்னால் போதும்போல' என்று சற்று முன்னால் மனத்தில் குறித்துக்கொண்டீர்களா, இல்லையா? அப்படியானால் வாருங்கள், நீங்கள் நம் ஆள். இனிமேல் பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் தலையாட்டுங்கள். அது இருக்கட்டும், இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது யார்?