ஆலங்கட்டியின் செருப்பு

கடிகாரக்காரரின் வலது கால் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போனபோது, இடது கால் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் மேலேயே நின்றது. கொசுக்காலைவிட மெல்லிய முள்ளைக் கைநடுங்காமல் எடுத்து வைப்பவர் அவர். அந்த நிதானத்தில் ஒரு சொட்டு காலுக்கும் கொடுத்திருக்கலாம். கடவுள் கையோடு நிறுத்திக்கொண்டார்.

காலை உருவினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஓட்டுக்கும் அதற்கடியில் அடித்திருந்த உள்கூரைப் பலகைக்கும் நடுவே எங்கோ விழுந்துவிட்டது.

கோணிப்போன டிஷ்ஷை நேராக்கத்தான் ஏறினார். கொஞ்ச நாளாக டி.வி.யில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மனைவி பார்க்கும் தொடரில் கதாநாயகி அழுகிறாளா, தும்முகிறாளா என்று அவளே குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் சரிசெய்து அசத்திவிடலாம் என்று கணக்கு. டிஷ் இருந்தது சமையலறைப் பக்கம். இவர் கூடத்தைக்கூடத் தாண்டவில்லை. ஏணியில் பாதி இறங்கி, மீதியை வழுக்கி முடித்தார்.

ஓடு உடைந்தது பெரிய விஷயமில்லை. உடைந்தது சத்தியம். போன வருஷம் இதே கூரையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, கடை மூடிக் கிடக்க, மனைவிதான் ஊட்டிவிட்டாள், வாய்க்கு ஒரு வசவு வீதம். கட்டுப் பிரித்த அன்று அவர் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். எனக்கு மட்டும்தானா என்று அவர் முனகியதும், சரி, நானும் ஏறலை, போதுமா என்று அவளும் அவர் தலையில் கை வைத்தாள். கடைசியாக ஒன்று சொன்னாள்:

"இன்னொரு தடவை ஏறினீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நம்பமாட்டேன். மணி என்னன்னு சொன்னாக்கூட."

கடிகாரக்காரனுக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா?

மிஞ்சிய ஒற்றைச் செருப்பைப் பைக்குள் மறைத்து, கடைக்குப் போகிற வழியில் குப்பைத்தொட்டியில் போட்டார். காலுக்குக் கல்யாணத்தில் வாங்கிய ஷூ. எதற்கு இது என்று மனைவி கேட்டதற்குக் கால் வலி என்றார். ஷூ கடித்த கடியில் மத்தியானத்துக்குள் அது உண்மையாகிவிட்டது.

சாயங்காலம் நொண்டிக்கொண்டு வீடு திரும்பினால், டி.வி. பளிச்சென்று தெரிந்தது. கதாநாயகி அழத்தான் செய்தாள். தாம் கூரையில் குலுங்கிய குலுங்கலில் டிஷ் தானாகத் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்குக் காற்று கிளம்பியது. பின்னாலேயே சடசடவென்று ஆலங்கட்டி. தெருவே குழந்தைகளையும் வண்டிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு கட்டிக்கும் மனசுக்குள் நன்றி சொன்னார். எதிர்வீட்டு ஓடுகள் பறந்தபோது அவர் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

கூடத்தில் சொட்ட ஆரம்பித்தது. இவர் வாயைத் திறப்பதற்குள், "ஆலங்கட்டிதான்" என்றாள் மனைவி. சமையலறையிலும் சொட்டியது. "இதுவும் அதேதான்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. கூடத்து ஓட்டை தம்முடையது. சமையலறை ஓட்டை நிஜமாகவே ஆலங்கட்டியுடையது. பழியில் பங்குக்கு ஆள் கிடைத்துவிட்டது.

காலையில் மேஸ்திரிக்குப் போன் போட்டார். நல்ல வேலைக்காரர், ஆனால் எதற்கும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். எப்போது வருவீர்கள் என்றால் "வந்துடலாம் சார்." ஒழுகல் நிற்குமா என்றால் "நிறுத்திடலாம் சார்." எல்லாம் ஆலங்கட்டி பண்ணினதுதானே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"பார்த்துடலாம் சார்."

பார்த்தால் செருப்பையும் பார்ப்பாரே.

மனைவி வாசலில் பக்கத்து வீட்டம்மாவோடு மழைக்கதை பேசப் போன சமயம், நாற்காலியில் ஏறி, கூடத்து உள்கூரைப் பலகையை ஒட்டடைக் கம்பால் நெம்பினார். பலகை பிளந்தது. செருப்பு வரவில்லை. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் வந்தது. அவர் தலையில் இறங்கி, அங்கிருந்து டி.வி.க்குப் போனது. டி.வி. ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு உயிரை விட்டது.

ஓடிவந்த மனைவி சொட்டச் சொட்ட நின்றவரைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். வசவுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார் அவர்.

"காத்துல பலகையும் தளர்ந்திருக்கும். பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று துண்டை நீட்டினாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். செருப்பு வார் அறுந்துபோய், புதுசு கேட்காமல் குளியலறைச் செருப்போடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிற இந்த அப்பாவியையா ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது.

மேஸ்திரி வந்து ஏணியைச் சாத்தினார்.

"மேலே ஏறவேணாம் மேஸ்திரி, வழுக்கும். கீழேருந்தே பார்த்துச் சொல்லுங்க" என்றார் கடிகாரக்காரர்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் மனைவி.

கூரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, கூரையில் ஏறாதே என்று கோரஸாகச் சொல்லும் தம்பதியை மேஸ்திரி இதற்குமுன் பார்த்ததில்லை. "ஏறிடலாம்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கீழே இரண்டு பேரும் அண்ணாந்து நின்றார்கள். மேலே ஓடுகள் நகரும் சத்தம். பிறகு அவர்களுக்கு நடுவில் தொப்பென்று ஒன்று விழுந்தது. ஊறி உப்பிப்போன கறுப்புச் செருப்பு.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான்தான்மா" என்றார். "உன் தொடர் சரியாத் தெரியலையேன்னு டிஷ்ஷைத் திருப்ப ஏறினேன். அதுக்குள்ள கால் போயிடுச்சு. சத்தியமா டிஷ்ஷைத் தொடக்கூட இல்லை. சத்தியம்னு வேற சொல்றேன் பாரு."

மனைவி செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கால்ல அடி கிடி படலையே?" என்றாள்.

அவ்வளவுதான். சாபமில்லை, மணி பற்றிய பேச்சே இல்லை. உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது கடிகாரக்காரருக்கு. இவள் கிடைக்கத் தாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நிம்மதி வந்ததும் கூடவே பழைய ஆசையும் வந்தது: பாதிப் பழியையாவது வானத்துக்கு அனுப்பிவிடலாமே.

"மேஸ்திரி, நேராச் சொல்லுங்க. சமையலறைப் பக்கம் டிஷ்ஷுக்குக் கீழே இருக்கிற ஓட்டையாவது ஆலங்கட்டி போட்டதுதானே?"

"ஆலங்கட்டிதான். நீங்க இறங்குங்க மேஸ்திரி" என்றாள் மனைவி அவசரமாக.

மேஸ்திரி கூரை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். முதல் தடவையாக எதையும் பார்த்துடலாம் என்று சொல்லாமல், கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார்.

"இல்லை சார். ஆலங்கட்டி பூப்போட்ட லேடீஸ் செருப்பு போட்டுக்கிட்டு வராது."