முத்துராஜ் ஓடினால் மாடு இல்லை

"மாடு எங்கலே?" என்று ஓடிக்கொண்டே கேட்டார் டீக்கடை வேலுமணி.

"எந்த மாடு மாமா?" என்று ஓடிக்கொண்டே கேட்டான் முத்துராஜ்.

"நீ ஓடுறியே!"

"நான் சும்மா ஓடுறேன் மாமா!"

"சும்மா யாராச்சும் ஓடுவாங்களா?" என்றபடி வேலுமணி அவனை முந்திப் போய்ப் பள்ளிக்கூட மதிலில் ஏறிக்கொண்டார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது அவர் நினைவுக்கு வரவே இல்லை.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெருமாள்மலைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யாரும் எதற்கும் ஓடுவதில்லை. பஸ் எப்படியும் தாமதமாகத்தான் வரும். பூண்டு எப்படியும் மெதுவாகத்தான் விளையும். ஒருவன் ஓடுகிறான் என்றால் பின்னால் காட்டுமாடு வருகிறது என்று அர்த்தம். பார்த்தவர்களும் கூடவே ஓட வேண்டும், அதுதான் வழக்கம். அன்று காலை முத்துராஜைப் பார்த்து வேலுமணி ஓடினார், வேலுமணியைப் பார்த்துப் பூண்டுத் தோட்டத்துப் பொன்னுத்தாய் ஓடினாள், அவளைப் பார்த்துத் தெருவே ஓடியது. இத்தனை பேர் "மாடு, மாடு" என்று கத்துவதைக் கேட்டு, நிஜமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது என்று பயந்து முத்துராஜும் காலை எட்டிப் போட்டான்.

ரோட்டோரம் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அவன் தங்கை பிரியா மட்டும் ஓடவில்லை.

"அண்ணே, இன்னைக்குத்தான் ஏழு நிமிசத்துக்குள்ள வந்திருக்க!" என்றாள்.

அந்த ஏழு நிமிடம்தான் முத்துராஜின் தலைவலி. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். போன தடவை கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் ஆயுசு முழுக்கக் கேரட் மூட்டை தூக்குவதுதான் சோலி.

முதலில் ஊரின் பயத்தைத் தெளிய வைப்போம் என்று மாரியம்மன் கோயில் மைக்கில் அறிவிக்கச் சொன்னான்.

"முத்துராஜ் ஓடினால் மாடு இல்லை. போலீஸ் வேலைக்கான பயிற்சி. பொதுமக்கள் யாரும் ஓட வேண்டாம்."

யாரும் ஓடவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"ஏலே, நம்ம ஊருலேர்ந்து ஒரு போலீஸு! வெறும் வயித்துல ஓடலாமா?" என்று வேலுமணி முதல் திருப்பத்தில் பன்னும் பாலும் நீட்டினார். அடுத்த திருப்பத்தில் பொன்னுத்தாய் பாலில் பூண்டை வேகவைத்துக்கொண்டு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தருகே அவித்த முட்டை. கோயில் வாசலில் திருநீறு. நின்று, கும்பிட்டு, பூசிக்கொண்டுதான் போக வேண்டும்.

"வேணாங்கக்கா, ஓடுறப்ப சாப்புடக் கூடாது."

"ஓடிக்கிட்டே குடிய்யா. ஒன்னைய யாரு நிக்கச் சொன்னா?"

தங்கள் பிள்ளைக்குக்கூட எடுத்து வைக்காமல் நீட்டுகிறவர்களிடம் எப்படி மறுப்பது? அவனுக்குத் தொண்டை அடைத்தது, பாதி நன்றியில், பாதி முட்டையில். ஏழு நிமிடம் எட்டாகி, ஒன்பதுக்குப் போனது.

பிரியா டீக்கடையில் போய்ப் புலம்பினாள். "ஒங்க பாசமெல்லாம் எங்கண்ணன் வயித்துலதான் கெடக்கு மாமா. மாடு தொரத்துதுன்னு நெனச்ச அன்னைக்கு மட்டுந்தான் அது ஒழுங்கா ஓடுச்சு."

கடையில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாசத்தோடு சண்டை போட முடியாது, தப்பித்துத்தான் போக வேண்டும். மறுநாள் முத்துராஜ் வெள்ளனே, பனி இறங்கிக் கிடக்கும்போதே, காட்டோரத் திருப்பத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்கினான். பின்னால் "புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு கேட்டது.

திரும்பினான். பனிக்குள் கறுப்பாக, குனிந்த முதுகோடு ஒன்று நின்றது.

அதற்கப்புறம் அவன் திரும்பவே இல்லை. "மாடு! மாடு!" என்று அலறிக்கொண்டு ஊருக்குள் வந்தான். அறிவிப்பை மதிக்கும் ஊர் அது. ஒருவர்கூட ஓடவில்லை. வாசலில் நின்று கைதட்டினார்கள்.

"அக்கா, கதவத் தொறந்து விடுங்க! நெசமாவே மாடு!"

"மாடு இல்லைன்னு மைக்குலயே சொல்லிட்டாங்கய்யா. நீ வெரசா ஓடு!" என்று சிரித்தாள் பொன்னுத்தாய்.

வேறு பாதைக்கு மாறினான். அங்கேயும் வந்தது. காட்டைக் காவல் காக்கும் ஆளிடம் போய்ச் சொன்னான். "இந்த மாசம் இந்தப் பக்கம் மாடே எறங்கலையே தம்பி," என்றார் அவர். போர்வைக்குள்ளிருந்தே பேசியதால் முத்துராஜ் அவரை நம்பவில்லை.

மாடு ஒருநாள் பெருத்திருந்தது, ஒருநாள் இளைத்திருந்தது. ஒருநாள் இருமியது. இந்தக் குளிருக்கு மாட்டுக்கும் சளி பிடிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது, அன்றைக்கு அவன் ஓட்டமும் சொதப்பிவிடும். மற்ற நாளெல்லாம் பிரியா செல்போனைத் தூக்கிக் காட்டிக் குதித்தாள்.

தேர்வு நாளும் வந்தது. திண்டுக்கல் மைதானத்தில் பனியும் இல்லை, மாடும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசிச் சுற்றில் கால் துவண்டபோது, பின்னால் வந்த ஆயக்குடிக்காரன் ஒருவன் "புஸ்ஸ்" என்று மூச்சு விட்டான். அவ்வளவுதான். முத்துராஜ் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினார்கள்.

"தேறிட்டப்பா, நில்லு! எங்க ஓடுற?"

"சார், பின்னாடி மாடு இல்லையே?"

மிச்சமிருந்த கயிறு ஏறும் தேர்வு அடுத்த வாரம். மூட்டை தூக்கிய கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பியவன் பிரியாவிடம்கூட வாய் திறக்கவில்லை. முதல் நன்றி யாருக்கு என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தான்.

விடிந்தும் விடியாமலும் ஒரு கூடை நிறையக் கேரட்டோடு காட்டோரத் திருப்பத்துக்குப் போனான். கூடையை இறக்கி வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காலை ஊர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, கைகூப்பினான்.

"புஸ்ஸ்."

கறுப்பு முதுகு தெரிந்தது. ஊர்ப்பக்கம் வைத்த கால் தானாகவே ஓர் அடி நகர்ந்தது. ஆனாலும் ஓடவில்லை.

"சாமி, முட்டிறாத. நான் இன்னைக்கு ஓட வரல. நேத்து தேறிட்டேன். ஊருல எல்லாரும் எனக்குத் திங்கக் குடுத்தாங்க, நீதான் என்னைய ஓட வச்ச. ஒன்னைய எந்தச் சென்மத்துலயும் மறக்க மாட்டேன். இந்தக் கேரட்டு பூராவும் ஒனக்குத்தான்," என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கறுப்பு முதுகு மெல்ல நிமிர்ந்தது. கம்பளியை விலக்கி, அதன் நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பொன்னுத்தாய்.

"தேறிட்டியா என் ராசா! ஆனா இம்புட்டுக் கேரட்டும் எனக்கு எதுக்குய்யா? நான் வெள்ளிக்கெழம மாடு மட்டுந்தானே!"