தொட்டால் போச்சு நாற்காலி

இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். எதையும் என்றால், பின்னறையில் என் மனைவி செய்து வைக்கும் பீங்கான் சாமான்களை.

அந்த அறை ஒரு காலத்தில் என்னுடையது. என் சாய்வு நாற்காலி அங்கேதான் இருந்தது. அவள் பீங்கானில் இறங்கியதும் அது வாஷிங் மெஷின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. மெஷின் துணி பிழியும்போதெல்லாம் நானும் பேப்பரும் சேர்ந்து ஆடுகிறோம்.

"நாற்காலி திரும்ப வேணுமா?" என்றாள் ஒரு நாள்.

"வேணுமாவா!"

"இந்த ஜாடி சூளைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இதைத் தொடாம இருங்க. நானே நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போடறேன்."

"இவ்வளவுதானா?"

"உங்களால முடியாது."

"என்னாலயா? நான் முனிவன்மா!"

அவள் கடைக்குக் கிளம்பினாள். காவல் இருக்கலாம் என்றுதான் நான் உள்ளே போனேன்.

அவளிடம் பானை வனையும் சக்கரம் கிடையாது. உருட்டுக்கட்டையால் மண்ணைத் தகடாகத் தேய்ப்பாள். ஓரத்தைக் கீறி, கூழ்மண் தடவி, கையாலேயே ஒட்டி நிமிர்த்துவாள். ஜாடி முழ உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று நின்றது. சுவர் அட்டை கனம்கூட இல்லை. ஈர மண் எப்படி விழாமல் நிற்கிறது? உள்ளே கம்பி கிம்பி வைத்திருக்கிறாளா? சந்தேகம் வந்தது மூளைக்கு. போனது விரல்.

ஒரே ஒரு விரல்தான். ஜாடி புதுப்பெண் மாதிரி தலையைச் சாய்த்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் தாங்கி, மெதுவாக நிமிர்த்தினேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அப்பாடா, நேர்.

"தொட்டீங்களா?" என்றாள் திரும்பி வந்தவள்.

"அந்தப் பக்கமே போகலையே."

"நல்லது."

அன்றே நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

சூளை திறந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜாடி சாய்ந்து நின்றது. அன்று சாய்ந்த அதே பக்கம், அதே சாய்வு.

"சூளை கோணலோ என்னவோ..."

"சூளை மேல பழி போடாதீங்க. பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் ஜாஸ்தி. ஈரத்துல வளைச்சதை நிமிர்த்தினா அப்போதைக்கு நிக்கும். சூடு ஏறினதும் பழைய வளைவுக்கே போயிடும்."

பொய் சொல்ல நான், சாட்சி சொல்ல மண்!

"மன்னிச்சுக்கோம்மா. உன் ஜாடி வீணாப் போச்சே." நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"வீணா? கண்காட்சி நடத்தற அம்மா சாய்ஞ்ச ஜாடிதான் கேட்டிருந்தாங்க. காலையில போட்டோ பார்த்துட்டுச் சொக்கிப் போயிட்டாங்க. நான் வளைச்சா வேணும்னே வளைச்ச மாதிரி தெரியுது. திருட்டுக் கை பட்டாத்தான் இயல்பா வருது."

"அப்போ வேணும்னுதான் தொடாதேன்னு சொன்னியா?"

"தொடுங்கன்னா தொட்டிருப்பீங்களா?"

"என் நாற்காலி?"

"பந்தயம்னா பந்தயம்தான். அவங்க வேற இன்னும் சில ஜாடி கேட்டிருக்காங்க."

அடுத்த வாரமே ஓர் ஈர ஜாடியை மேசையில் வைத்து, "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். எனக்கும் ரோஷம் உண்டு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த வாய் விளிம்பை எப்படி இவ்வளவு மெல்லிசாக இழுத்தாள் என்று குனிந்து பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டேன்.

"மூக்கா?" என்றாள் கதவருகிலிருந்து. "பரவாயில்ல, வழக்கம்போல நிமிர்த்தி வச்சிடுங்க."