உலர்த்தும் மெஷின் இல்லாத குற்றம்

ராஜபாளையத்தில் பாண்டேஜ் துணி தயாரிக்கும் பாண்டிசெல்விக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. பசுமைச் சான்றிதழ் இல்லாத பட்டறையில் மூன்று மாதத்துக்குப் பிறகு துணி எடுப்பதில்லை என்று ஏற்றுமதிக் கம்பெனி எழுதிவிட்டது. துணி போகாவிட்டால் ஒன்பது பெண்களுக்கு வேலை இராது.

சிறுதொழில்களைப் பசுமைப் பாதையில் திருத்தி நடத்தும் அலுவலர் பிரேம்குமார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார்.

"துணி உலர்த்துற மெஷின் எங்கம்மா?"

"வெயில்லதான் சார் காயப் போடுதோம். மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிரும்."

அலுவலர் கவலையோடு படிவத்தைப் புரட்டினார். "அப்ப உலர்த்துற கரண்டை எப்படிக் குறைப்பீங்க?"

"கரண்டே இல்லியே சார்."

"அதான் சிக்கல். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவுன்னு ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டத்துல பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கெடுதல் பண்ணாம இருந்தது குத்தமா சார்?"

"குத்தம்னு சொல்லலம்மா. திருந்துறதுக்கு நீங்க இடமே வைக்கலியே."

பாண்டிசெல்வி திருந்துவதற்கு ஆயத்தமானார். சேத்தூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஓர் ஆலையிலிருந்து பழைய உலர்த்தும் மெஷின் வாடகைக்கு வந்தது. கரண்ட் பில் வரும்வரை இரண்டு மாதம் அது இரைந்து ஓடியது. வெளியே வெயில் சும்மா அடித்தது. பில் வந்த அன்றே மெஷின் நிறுத்தப்பட்டு, துணி மறுபடி கொடிக்குப் போனது.

நூறு சதவீதக் குறைப்பு! மாவட்டத்திலேயே முதலிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏசி மண்டபத்தில் விழா எடுத்துச் சான்றிதழை வழங்கினார்கள்.

"இந்தச் சாதனையை எப்படிம்மா நிகழ்த்தினீங்க?" என்று மைக்கை நீட்டினார் பிரேம்குமார்.

"சுவிட்ச்சை அமத்துனேன் சார்."

கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆயிற்று.

மறுநாள் காலையிலேயே பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் காளிராஜ் வந்துவிட்டார். "அக்கா, நாங்களும் திருந்தணும். அந்த மெஷினைக் கொஞ்சம் குடுங்க."

"எதுத்த பட்டறை சிவபாண்டி முந்திக் கேட்டுட்டான்லே. அவன் திருந்தின பொறவு நீ திருந்து."

அந்த ஒரே மெஷின் ஓராண்டில் ஆறு பட்டறைகளைத் திருத்தியது. 'ஆறு உலர்த்தும் இயந்திரங்கள் அறவே கைவிடப்பட்டன' என்று அறிக்கை சென்னைக்குப் போனது. மகிழ்ந்த மேலிடம், அடுத்த ஆண்டு அறுபது இயந்திரங்கள் கைவிடப்பட வேண்டும் என இலக்கு நிர்ணயித்தது.

பிரேம்குமார் ஊரெல்லாம் தேடினார். கைவிடுவதற்கு மெஷின் இல்லை. பசுமைத் திட்டம் தடைபடக் கூடாதல்லவா? உலர்த்தும் மெஷின் வாங்குவோருக்குப் பாதி மானியம் என்று அரசாணை வந்தது.

அலுவலகம் திறக்குமுன்பே ஊர்ப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் பாண்டிசெல்வி. சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லுமாம்.