மீன் பிடிக்க ஒரு ரிவால்வர்

மீன் பிடிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மீன் பிடிக்கப் போகிறவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. முதல் இனத்தின் மேல் மீன் நாற்றம் அடிக்கும். இரண்டாவது இனத்தின் மேல் துப்பாக்கி எண்ணெய் வாசனை வீசும். எங்கள் அலாஸ்காவில் இந்த இரண்டாவது இனம் கரடிகளைவிட அதிகம். வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதனால் தொந்தரவில்லை.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கோடை பிறந்து, கடலிலிருந்து சிவப்பு சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறி, டாக்டரும் பாதிரியாரும் தபால்காரரும் வித்தியாசமில்லாமல் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தூண்டில் வீசிக்கொண்டிருக்கும்போது, கிளைடின் துப்பாக்கிக் கடையில் கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு ஆசாமி நிற்பார். அவர்தான். ஆற்றங்கரைக்கு எந்த ரிவால்வரைக் கொண்டுபோவது என்று தீர்மானமாகும்வரை ஆற்றங்கரைக்கே போகமாட்டார். கரடி வந்தால்? ஆமாம், கரடி வந்தால்! அந்த ஒரு கேள்விக்கு முன்னால் மீன் எம்மாத்திரம், பெண்டாட்டி எம்மாத்திரம்?

அந்தக் கண்ணாடியில் என் முழங்கைத் தடமும் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் என் கதையைச் சொன்னால் வீட்டில் காலைக் காப்பி நின்றுவிடும். ஆகவே என் சிநேகிதன் வெண்டலின் கதையைச் சொல்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். துப்பாக்கி மதிப்புரைகளைத் தவிர அவன் வேறெதையும் படிப்பதில்லை.

வெண்டல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோடை முழுக்க விடுமுறை. ஆகவே நேரமில்லை என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை, பாவம். போன இரண்டு கோடையும் அவன் ரிவால்வர் பார்ப்பதிலேயே போயிற்று. இரண்டு குளிர்காலமும் அவன் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது அடுத்த வீட்டு ஹாலிஸ் கொடுத்த மீன். ஹாலிஸ் சும்மா கொடுக்கிறவனா? ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் தன் பேரை எழுதித்தான் கொடுப்பான். ஃப்ரீசரைத் திறந்தால் ஹாலிஸ், ஹாலிஸ், ஹாலிஸ். கொடுக்கும்போது ஒரு வசனம் வேறு: “மீந்து போச்சுப்பா வெண்டல். நாய்க்குப் போடறதுக்குப் பதிலா உங்களுக்குக் குடுக்கலாமேன்னு கொண்டாந்தேன்.”

இந்தக் கோடையின் தொடக்கத்தில் வெண்டலின் மனைவி பெவ் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“இதோ பாரு வெண்டல், ஹாலிஸ் பேரு போட்ட பொட்டலம் இந்த வருஷம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. மீன் ஏறறது கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள போறோம், நாமளே பிடிக்கறோம்.”

“போறோம் பெவ். ரிவால்வர் மட்டும்…”

“என்கிட்டதான் மிளகாய்க் காரம் பீய்ச்சற டப்பா இருக்கே!”

“டப்பாவா! கரடி என்ன ஈயா, கொசுவா?”

சொல்லிவிட்டு நேரே கிளைட் கடைக்குப் போனான்.

இந்த இனத்தின் சாஸ்திரம் பெரிய சாஸ்திரம், சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னத் தோட்டா என்றால் கரடிக்குக் கோபம் வரும். பெரிய தோட்டா என்றால் சுடுகிறவனுக்கு அழுகை வரும். குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாது, உறையிலிருந்து வெளியே வராது; குட்டையாக இருந்தால் சட்டென்று வெளியே வரும், தோட்டா எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வெண்டலும் கிளைடும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு மடாதிபதிகள் மோட்சத்தைப் பற்றி வாதாடுகிறார்களோ என்று தோன்றும்.

“கிளைட், இது கனம் ஜாஸ்தியோ?”

“ஆமா, கனம்தான்.”

“லேசா இருந்தா நல்லதில்ல?”

“நடக்கறப்ப நல்லது. சுடறப்ப மணிக்கட்டு கழண்டுரும்.”

“அப்ப கனமானதே எடுத்துக்கறேன்.”

“கனமானதை வாங்கினவன்லாம் அதை வண்டியிலேயே வெச்சுட்டுப் போயிடறான்.”

“யோவ், நீ என்னதான்யா சொல்ற?”

“கடை சாத்தற நேரமாச்சுன்னு சொல்றேன்.”

கனம் பழகவேண்டும் என்று வெண்டல் பீன்ஸ் டின் இரண்டைப் பையில் போட்டு மார்பில் கட்டிக்கொண்டு புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளினான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹாலிஸ் எட்டிப் பார்த்தான். அவன் கையில் அன்று பிடித்த மீன், கொத்தாக.

“என்னப்பா வெண்டல், மத்தியானச் சாப்பாட்டைக் கழுத்துல மாட்டிட்டுத் திரியற? பெவ் உள்ள விடலயா?”

வெண்டலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே வாங்கிவிட்டான். தோட்டா அளவு நாற்பத்து நாலு, நாலு அங்குலக் குழல், துருவே பிடிக்காத எஃகு. கன்றுக்குட்டித் தோலில் கையால் தைத்த மார்பு உறை. இடுப்பில் கட்டினால் ஆற்றில் நனைந்துபோகும், ஆகவே மார்பு. இதை அவன் சொன்ன தோரணையைப் பார்க்கவேண்டுமே! இதயத்தின் இருப்பிடத்தைத் தானே கண்டுபிடித்தது மாதிரி.

வாங்கியாயிற்று, கிளம்பவேண்டியதுதானே என்கிறீர்களா? நீங்கள் அவசரக்காரர். உருவிப் பழக வேண்டாமா? அக்குள்வரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறை நடுவில் தண்ணீரில் நிற்கிற பாவனையில் நின்றான். தோட்டா இல்லாத ரிவால்வர் உறையில் இருந்தது.

“பெவ், நீ அந்தக் கதவு பக்கமா கரடி மாதிரி வா.”

“துணி காயப்போடப் போறேன் வெண்டல்.”

“சரி, துணிக்கூடையோடயே வா. கொஞ்சம் உறுமு.”

பெவ் உறுமவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவள் கண்ணில் ஒன்று பட்டது.

“மேலங்கியில தொங்கிட்டிருந்த நகவெட்டி எங்க?”

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருவர் மார்பிலும் கயிற்றில் ஒரு நகவெட்டி தொங்கும். நூலை நறுக்க அதைவிட வசதியானது கிடையாது. ஆற்றங்கரை மரியாதையே அதில்தான் இருக்கிறது. நூலில் மீன் துள்ளும்போது கரடி தலைகாட்டினால், எவ்வளவு பெரிய மீனானாலும் நூலை நறுக்கி விட்டுவிட வேண்டும். மனுஷனின் நூல் நுனியில் சாப்பாடு துள்ளுகிறது என்று கரடி ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும், அப்புறம் தூண்டிலோடு வருகிற எவனையும் நிம்மதியாக நிற்கவிடாது.

“உறை உக்காரற இடத்துல அது இடிச்சுது. கழட்டி டிராயர்ல போட்டுட்டேன்” என்றான் வெண்டல்.

“நகவெட்டியக் கழட்டிட்டியா!”

“பெவ், என் மார்புல இருக்கறது நாற்பத்து நாலு. நகவெட்டியப் பத்திப் பேசறியே!”

மீன் ஏறுவது குறைய ஆரம்பித்திருந்த சமயத்தில் ஒருவழியாகப் புறப்பட்டார்கள். ஆற்றுக்குப் போகும் வழி முழுக்க ஆளுயரப் புதர். கரடி திடுக்கிடக்கூடாது என்று எங்கள் ஊரில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்போம். பெவ் முன்னால் நடந்து, எதிர்வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் புதரிடம் பேசிக்கொண்டு போனாள். “ஏய் கரடி! நாங்கதான்ப்பா. ரெண்டு பேரு வரோம். நீ உன் வேலையப் பாரு.” வெண்டல் பேசவில்லை. அவன் ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, தேசியகீதம் கேட்கிறவன் மாதிரி விறைப்பாக நடந்தான்.

தூறல் விழுந்தது. வெண்டலுக்கு நெஞ்சு பதைத்தது. கரடியை நினைத்து அல்ல, கன்றுக்குட்டித் தோலை நினைத்து. புத்தம்புது உறை நனையலாமா? மழைக்கோட்டை எடுத்து உறைக்கு மேலே போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான். துருவே பிடிக்காத எஃகு வேண்டும் என்று இரண்டு வருஷம் தேடியவன் அவன், ஞாபகமிருக்கட்டும்.

தண்ணீரில் இறங்கினார்கள். தூண்டிலை வீசினான். இந்த இனத்துக்கும் அதிர்ஷ்டம் உண்டு. மூன்றாவது வீச்சிலேயே நூல் விறைத்தது. பெரிய மீன்! தண்ணீரை விட்டு எகிறி, சிவப்பாக ஒரு தடவை பளீரென்று காட்டிவிட்டு மறுபடி உள்ளே போயிற்று. வெண்டலுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு வருஷத்து அவமானமும் அந்த நூலின் நுனியில் துள்ளிக்கொண்டிருந்தது.

“பெவ்! பாத்தியா! ஹாலிஸ் மூஞ்சியில கரியைப் பூசிட்டேன்!”

“பாத்தேன். நீ அங்க பாரு” என்றாள் பெவ், மெதுவாக.

எதிர்க்கரைப் புதரை விலக்கிக்கொண்டு கரடி வந்தது. பழுப்புக் கரடி, சரியான உருப்படி. அது வெண்டலைப் பார்க்கவே இல்லை. மீன் துள்ளுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு, கடைத்தெருவுக்கு வந்த குடும்பஸ்தன் மாதிரி நிதானமாகத் தண்ணீரில் காலை வைத்தது.

வெண்டலின் கை மார்புக்குப் போயிற்று. மார்பில் மழைக்கோட்டு. ஜிப்பைப் பிடித்து இழுத்தான். பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. ஒரு கையால் தூண்டில் கழியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஜிப்போடு மல்லுக்கட்டினான். கழியை விட்டுவிட்டால் இரண்டு கையும் கிடைக்கும். ஆனால் மீன் போய்விடும். மீனை விடவும் மனமில்லை, ரிவால்வரை எடுக்கவும் முடியவில்லை.

“நூலை நறுக்கு வெண்டல்!”

வெண்டல் பழக்கதோஷத்தில் நகவெட்டியைத் தேடி மார்பைத் தடவினான். கோட்டுக்கு அடியில் நாற்பத்து நாலு கல்லுக்குண்டு மாதிரி தட்டுப்பட்டது. நகவெட்டி சமையலறை டிராயரில், தேக்கரண்டிகளுக்குப் பக்கத்தில், பத்திரமாக இருந்தது. நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தான். அறுபடவே அறுபடாத நூல் என்று ஒரு குளிர்காலம் முழுக்க ஆராய்ந்து வாங்கிய நூல் அது. அறுபடவில்லை.

பெவ் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கழுத்தில் பழைய பூட்ஸ் கயிற்றில் தொங்கிய நகவெட்டியை எடுத்தாள். டிக். நூல் தளர்ந்தது, மீன் போயிற்று. பெவ் கரடியைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: “ஒண்ணுமில்லப்பா. எல்லாம் முடிஞ்சுது. நாங்க கெளம்பறோம், நீ பொறுமையா வா.” வெண்டலின் மழைக்கோட்டைப் பிடித்துப் பின்பக்கமாகவே கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கரடி துள்ளல் நின்ற தண்ணீரை ஏமாற்றத்தோடு பார்த்தது, தலையை ஆட்டியது, கீழ்ப்பக்கமாக நடையைக் கட்டியது.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜிப் தானாகக் கழன்றது. வெண்டல் சிரித்துவிட்டான். வேறென்ன செய்வான்?

“பெவ், அந்தக் கரடி எனக்காக ஒரு நிமிஷம் நின்னிருந்தா சுட்டிருப்பேன்.”

பெவ் சிரிக்கவில்லை. “ரெண்டு வருஷம் காத்திருந்தேன் வெண்டல். நான் தனியாவே போயிருக்க முடியாதா? உன்கூடப் போகணும்னு ஆசை. அதுக்காகத்தான் ஹாலிஸ் மீனைத் தின்னுட்டு இருந்தேன்.”

வெண்டல் உறையை மார்பிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“நாளைக்குப் போலாம் பெவ். சத்தியமா. உறையை மட்டும் கொஞ்சம் கீழ இறக்கித் தெச்சுட்டா…”

பெவ் வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் உறை தைக்கிறவரிடம் வெண்டல் போனான். ஆற்றுக்குப் பெவ் போனாள், பூட்ஸ் கயிற்று நகவெட்டியோடும் காரம் பீய்ச்சுகிற டப்பாவோடும். அதற்கடுத்த நாளும் போனாள். மீன் ஏறி ஓய்வதற்குள் ஃப்ரீசர் நிரம்பிவிட்டது. எல்லாப் பொட்டலத்தின் மேலும் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருந்தது: பெவ், பெவ், பெவ். ஒன்றை எடுத்துக்கொண்டு ஹாலிஸ் வீட்டுக் கதவைத் தட்டி, “மீந்து போச்சு” என்று கொடுத்துவிட்டும் வந்தாள்.

குளிர்காலத்தில் வெண்டல் ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். ஹாலிஸ் பேரைவிட அது அதிகமாகச் சுட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னான். திருந்திவிட்டான் என்றே நினைத்தேன். போன வாரம் கிளைட் கடைக்குப் போனால், கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான்.

“அடுத்த கோடைக்கு ஒரு நல்ல நகவெட்டியா பாத்துட்டிருக்கேன்ப்பா” என்றான் ரகசியமாக. “வளைஞ்ச வாயா, நேர் வாயா, அதான் யோசனை. அது ஒண்ணு அமைஞ்சிட்டா பெவ்கூட மொத நாளே கெளம்பிருவேன்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலையில் நடக்கப்போவதற்காக ஏற்ற செருப்பை நீங்கள் எத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நல்ல ஹார்மோனியம் அமைந்ததும் பாட்டு கற்கப்போவதாக யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள், அவர் இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பார் என்றும் கேட்கமாட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? வெண்டல் அப்படிச் சொன்னபோது, வளைந்த வாய்தான் நல்லது என்று அரை மணி நேரம் அவனோடு வாதாடியவன் நான்.

எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் கிளைட் கடைக்கு வாருங்கள். கண்ணாடிப் பெட்டியின் இடது ஓரம் வெண்டலுடையது, வலது ஓரம் என்னுடையது. நடுவில் ஒரு முழங்கைக்கு இடம் இருக்கிறது.